பாலைவனத்து வீட்டுக்கு விருந்தினர் வந்தபோது

சாண்ட்லர்வாசி எழுதியது:

அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் குடியிருக்கும் நம் வீடுகளுக்கு ஊரிலிருந்தோ, நியூ ஜெர்சி, மிச்சிகன் போன்ற இடங்களிலிருந்தோ ஆண்டுதோறும் யாராவது உறவினர் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வருகிறவர்கள் பாலைவனத்தைப் பார்த்து வியப்பதையும், அதைப் புரியவைக்க நாம் படும் பாட்டையும் இந்த இழையில் எழுதலாம் என்று நினைக்கிறேன். விருந்து, பண்டிகை, பயணம் ஆகியவற்றில் நேர்ந்த சிரிப்பான நிகழ்ச்சிகள் மட்டும் போதும். வீட்டு விலைக்கும் விசாவுக்கும் வேறு இழைகள் உள்ளன.

நானே தொடங்கிவைக்கிறேன். பீனிக்ஸ் பள்ளத்தாக்கின் வெயிலைப் பற்றி ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. 2023இல் தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை, அதாவது செல்சியஸில் 43க்கு மேல் என்று விளக்கினால், "வேலூரில் இல்லாத வெயிலா?" என்றுதான் பதில் வரும். என் மாமியார் வேலூர்க்காரர். வேறொரு கோடையில் அவர் வந்திறங்கிய மறுநாளே, இவ்வளவு வெயிலும் வீணாகப் போகிறதே என்று வருந்தி, கொல்லைப்புறத்தில் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழியத் தொடங்கிவிட்டார். காக்கை விரட்டுவதற்காகக் கறுப்புக் குடை ஒன்றை விரித்து நட்டுவைத்து, கையில் ஒரு குச்சியுடன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இந்த ஊர்க் கடை வாசல்களில் கூட்டம் கூட்டமாகத் திரியும் கிராக்கிள் என்னும் கறுத்த பறவைகள் வடாமைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவையும் வேலியோர நிழலில் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

நண்பகலுக்குள் வடாம் வேட்டியை விட்டுத் தானாகவே கழன்றுவிட்டது. மாமியாருக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. ஊரில் மூன்று நாள் இழுக்கும் வேலை அரைநாளில் முடிந்துவிட்டால் மீதி இரண்டரை நாளுக்கு என்ன செய்வது என்பதே அவருடைய கவலை. எனவே மிளகாய் வற்றல், சுண்டைக்காய், மோர்மிளகாய் என்று உற்பத்தி விரிவடைந்து, எங்கள் கொல்லைப்புறத்தில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. ஜூலை மாதத்து மாலை ஒன்றில் எல்லோருடைய கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. தெற்கே அடிவானத்திலிருந்து புழுதிச் சுவர் ஒன்று எழும்பி வந்துகொண்டிருந்தது. அவர் அதை மழை மேகம் என்று எண்ணி, வடாமை விட்டுவிட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கத்தான் ஓடினார். அந்த ஆண்டு முழுவதும் நாங்கள் வடாம் பொரித்த போதெல்லாம் பினால் மாவட்டத்து மண்ணையும் கொஞ்சம் சேர்த்தே கடித்தோம்.

டூசான் கள்ளி எழுதியது:

சாண்ட்லர்வாசி ஐயா அவர்களுடைய மாமியாருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். எங்கள் வீட்டில் வெயிலோடு மோதியவர் என் அப்பா. அவருக்கு விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தால்தான் குளித்த மாதிரி இருக்கும். வந்த முதல் நாள் குளியலறைக்குள்ளிருந்து, "இந்தக் குழாயில் இரண்டு பக்கமும் வெந்நீர்தான் வருகிறது, குழாய் வேலை பார்க்கிற ஆளைக் கூப்பிடு" என்று குரல் கொடுத்தார். நிலம் உறைந்து போகும் குளிர் இங்கே இல்லாததால் தண்ணீர்க் குழாய்களை ஆழமாகப் புதைப்பதில்லை என்பதையும், கோடையில் மண்ணோடு சேர்ந்து அவையும் சூடாகிவிடும் என்பதையும் கதவுக்கு வெளியே நின்று விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இன்னொரு பக்கத்துக்கு எதற்காக கேஸ் கட்டணம் கட்டுகிறாய்?" என்று கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அண்ணன் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. ஆனாலும் அவருடைய காரில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எங்கள் அத்தை பல நாட்கள் மனத்துக்குள்ளேயே குழம்பியிருக்கிறார். கேட்டால் அண்ணன் வருந்துவாரே என்று கேட்கவும் இல்லை. சவாரோ தேசியப் பூங்காவுக்குப் போன அன்று, புகைப்படத்துக்காக ஒரு சோய்யா கள்ளியின் அருகே அத்தை பின்னால் நகர்ந்து நின்றதும்தான் விடை கிடைத்தது. அந்தக் கள்ளியின் கணுக்கள் லேசாக உரசினாலே கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும். முட்களில் பின்னோக்கிய நுண்ணிய கொக்கிகள் இருப்பதால் கையால் பிடுங்கப் போனால் கையிலும் ஏறிக்கொள்ளும். சீப்பை அடியில் கொடுத்து ஒரே வீச்சில் தள்ளிவிடுவதுதான் இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழி. சேலையிலிருந்து முள்ளுருண்டை பறந்து போனதும் அத்தை சொன்ன முதல் சொற்கள்: "நான் என்னவோ நினைத்துவிட்டேன், அப்பா."

ஃபிளாக்ஸ்டாஃப் பைன் எழுதியது:

வெயிலைப் பற்றிப் பேச மலைமேல் இருக்கும் எனக்கு உரிமை இல்லை. எனவே கடிகாரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

என் மாமனார் தென்னக ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே பயணம் போனாலும் ஒரு சிறு குறிப்பேட்டில், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், தாமதத்துக்குக் காரணம் என்று மூன்று பத்திகள் போட்டு எழுதிக்கொண்டே வருவார். அவரைக் கோடை விடுமுறையில் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து டூபா சிட்டி வழியாக ஹோப்பி என்னும் பழங்குடி மக்களின் மேட்டுநில ஊர்களுக்கும், அங்கிருந்து கனாடோவுக்கும் காரில் அழைத்துப் போனேன்.

தெரியாதவர்களுக்காக நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கத்தை அரிசோனா 1968இலேயே கைவிட்டுவிட்டது. ஆனால் மாநிலத்தின் வடகிழக்கில் இருக்கும், நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலமான நவஹோ நாடு, யூட்டாவிலும் நியூ மெக்சிகோவிலும் பரவியிருப்பதால், கோடையில் தள்ளிவைக்கிறது. அந்த நவஹோ நிலத்தின் நடுவே சூழப்பட்டிருக்கும் ஹோப்பி நிலம் தள்ளிவைப்பதில்லை. ஆக, ஒரே சாலையில் கிழக்கு நோக்கிப் போகிறவருக்கு நேரம் ஒரு மணி முன்னே போகும், பிறகு பின்னே வரும், பிறகு மறுபடியும் முன்னே போகும். இதை நான் புறப்படும்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய குறிப்பேட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆசையில் சொல்லவில்லை.

டூபா சிட்டியில் தேநீர் குடித்துவிட்டு 11.10க்குப் புறப்பட்டோம். சாலையைக் கடந்தால் மோன்கோப்பி என்னும் ஹோப்பி ஊர். பெட்ரோல் போட நிறுத்தியபோது அங்கே சுவர்க் கடிகாரம் 10.15 காட்டியது. மாமனார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; காதில் வைத்துக் கேட்டார்; குறிப்பேட்டைத் திறந்தார். தாமதத்துக்குக் காரணம் எழுதும் பத்தியில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது, விசாரணை தேவை" என்று எழுதினார். பணிக்காலம் முழுவதும் இப்படி ஒரு வாக்கியத்தை எழுத வாய்த்ததில்லை என்று அன்றிரவு மிகுந்த திருப்தியோடு சொன்னார்.

ஹென்டர்சன் தம்பி எழுதியது:

பைன் அண்ணா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கலாம். பேஜ் நகருக்கு அருகிலுள்ள ஆன்டிலோப் பள்ளத்தாக்கு நவஹோ நிலத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கே சுற்றிக்காட்டும் நிறுவனங்கள் பொதுவாக பீனிக்ஸ் நேரத்தையே பின்பற்றுகின்றன. யூட்டா எல்லை மிக அருகில் இருப்பதால் கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். நாங்கள் தங்கிய அறையில் என் கைப்பேசியும் என் மனைவியின் கைப்பேசியும் ஒரே மேசைமேல் இருந்துகொண்டு ஒரு மணி நேரம் வேறுபட்டன. எது சரி என்று இருவரும் வாதிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கைப்பேசி இல்லாத என் பாட்டி குளித்து, பொட்டு வைத்து, கைப்பையோடு வாசலில் தயாராக நின்றார்.

ஹூவர் அணைக்கு விருந்தினரை அழைத்துப் போகிறவர்கள் குளிர்காலத்தில் போவது நல்லது. அணைக்குப் பின்னால் நீருக்குள் நிற்கும் கோபுரங்களில் நெவாடா நேரம், அரிசோனா நேரம் என்று இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. கோடையில் இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டுவதால், "இதற்கு எதற்கு இரண்டு? ஒன்று பழுதானால் பார்ப்பதற்கா?" என்று கேட்பார்கள்.

மேசா முணுமுணுப்பு எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் விருந்தினரைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வேலூர் அம்மையார் வெயிலைக் கண்டால் வடாம் போட்டார். ரயில்வே ஐயா கடிகாரத்தைக் கண்டால் நம்பினார். அந்த அப்பா குளிர்ந்த பக்கத்துக் குழாயில் குளிர்ந்த தண்ணீரை எதிர்பார்த்தார். இவற்றில் எது தவறு? அறிவுள்ள மனிதர் செய்வதைத்தான் அவர்கள் செய்தார்கள். சிரிக்கத்தக்கவர்கள் இங்கே குடியேறி நாளடைவில் மாறிப்போன நாம்தான் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் கீழே வருவனவற்றுக்குப் பதில் சொல்லட்டும்.

கடை வாசலிலேயே காலியான இடம் இருந்தும், வண்டி நிறுத்துமிடத்தின் கடைக்கோடியில் ஒரு பாலோ வெர்டே மரம் கொடுக்கும் ஓட்டை நிழலுக்காக இரண்டு வண்டிகளோடு போட்டியிட்டு, அங்கே நிறுத்திவிட்டு, அந்த வெயிலிலேயே கடைவரை நடந்து வருவது யார்? சமையலறையில் இருக்க வேண்டிய கைப்பிடித் துணியைக் காரில் வைத்திருந்து, ஸ்டியரிங்கை அதனால் பிடித்து ஓட்டுவது யார்? ஜனவரியில் வெப்பநிலை 60 ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியவுடன் கம்பளிச் சட்டையும் கழுத்துத் துணியும் அணிந்து நடுங்கிக்கொண்டு, மினசோட்டாவிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வந்த பக்கத்து வீட்டு முதியவர் நீச்சல் குளத்தில் மிதப்பதை ஜன்னல் வழியாக இரக்கத்தோடு பார்ப்பது யார்? வெளியே 115 டிகிரி அடிக்கும்போது விருந்தினரிடம், "இது வறண்ட வெப்பம்தான், உடம்புக்கு ஒன்றும் தெரியாது" என்று முகம் மாறாமல் சொல்வது யார்? என் மைத்துனர் அதற்கு, "வடை சட்டியில் இருப்பதும் வறண்ட வெப்பம்தானா?" என்று கேட்டார். என்னால் மறுக்க முடியவில்லை.

பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பீனிக்ஸில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக ஏழு அங்குலம். இங்கே பிறந்து வளர்ந்த என் மகளை முதன்முறையாக அக்டோபரில் சென்னைக்குக் கூட்டிப்போனபோது, விடாமல் பெய்த மழையை மாடியிலிருந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை யார் நிறுத்துவார்கள்?" என்று தாத்தாவிடம் கேட்டாள். புல்லுக்குத் தானாகப் பீய்ச்சிவிட்டு நின்றுபோகும் தண்ணீரைத் தவிர வேறு மழை தெரியாத பிள்ளை அவள். தாத்தா, "மாநகராட்சி அல்ல, அது மட்டும் உறுதி" என்றார்.

டூசான் கள்ளி எழுதியது:

முணுமுணுப்பு ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். என் அப்பா எங்கள் தெருவில் காலை நடை போய்த் திரும்பி வந்து, "இந்தத் தெருவில் ஒருவரிடமும் ஓடுகிற வண்டி இல்லை போலிருக்கிறது. எல்லோரும் பானெட்டைத் திறந்து போட்டிருக்கிறார்கள். நம்முடையதும் திறந்திருக்கிறது, என்ன கோளாறு?" என்று கவலையோடு கேட்டார். கோளாறு ஒன்றும் இல்லை. இங்குள்ள பொதி எலிகள் இருட்டான, கதகதப்பான இயந்திர அறைக்குள் கள்ளித் துண்டுகளைக் கொண்டுவந்து கூடு கட்டி, வயர்களைக் கடித்துவிடும். பானெட்டைத் திறந்து வெளிச்சம் படவிட்டால் கூடு கட்ட விரும்புவதில்லை என்று இரவில் திறந்து வைக்கிறோம். இதை அப்பாவிடம் விளக்கி முடித்தபோது, அவர் என்னைப் பார்த்த பார்வை முணுமுணுப்பு ஐயாவின் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கும்.

ஆயுத பூஜைக் கதை ஒன்றும் உண்டு. காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, முறைப்படி ஒரு பூசணிக்காயையும் வீட்டு வாசலில் உடைத்தோம். காலையில் பெருக்கிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம். நள்ளிரவில் வாசலில் யாரோ பல்லை நறநறவென்று கடிக்கும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தால், ஹவலீனா எனப்படும் காட்டு விலங்குகள் குட்டிகளோடு குடும்பமாக வந்து பூசணியைத் தின்றுகொண்டிருந்தன. பார்வைக்குப் பன்றிதான், ஆனால் இனத்தால் பன்றி அல்ல. காலையில் எதிர்வீட்டுப் பெண்மணி வந்து, காட்டு விலங்குகளுக்கு உணவு வைப்பது எங்கள் பீமா மாவட்டத்தில் சட்டப்படி குற்றம் என்று நட்போடு நினைவூட்டினார். அது உணவு அல்ல, கண்ணேறு கழிப்பது என்று என் மனைவி விளக்கினார். அவர் சிறிது யோசித்துவிட்டு, "அப்படியானால் இப்போது அந்தக் கண்ணேறு யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஹாலோவீன் வந்தபோது அவர் வாசலில் முகம் செதுக்கி வைத்திருந்த பூசணியையும் அதே குடும்பம் வந்து தின்றுவிட்டுப் போனதால், அதற்குப் பிறகு எங்கள் இரு வீடுகளுக்கும் நல்ல ஒற்றுமை.

ஆல்புகர்க்கி அக்கா எழுதியது:

பூசணிக்காயில் கண்ணேறு கழித்தவர்களுக்கு எங்கள் ஊர் மிளகாய்க் கதையும் பிடிக்கும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நியூ மெக்சிகோவின் கடை வாசல்களில் பெரிய கம்பி உருளைகளைச் சுழலவிட்டு, கேஸ் நெருப்பில் மூட்டை மூட்டையாகப் பச்சை மிளகாயைச் சுடுவார்கள். அந்த மணத்தை 2023இல் மாநிலத்தின் அதிகாரபூர்வ நறுமணமாகச் சட்டம் போட்டே அறிவித்துவிட்டார்கள். என் அம்மா காரிலிருந்து இறங்கியதும் மூக்கைச் சுளித்து, யாருக்குச் சுற்றிப் போடுகிறார்கள் என்று கேட்டார். சமையலுக்குத்தான் என்று நான் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை. கண்பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. இங்கோ நெடி தெருக்கோடிவரை வந்தது. "இத்தனை மூட்டை சுட்டும் இப்படிக் கமறுகிறது என்றால் இந்த ஊருக்குக் கண்ணே படவில்லை. தைரியமாக வீடு வாங்கு" என்று அங்கேயே தீர்ப்பளித்துவிட்டார்.

இங்கே உணவகத்தில் எதைக் கேட்டாலும் சிவப்பு மிளகாய்க் குழம்பா, பச்சை மிளகாய்க் குழம்பா என்று கேட்பார்கள். அதுதான் மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வி. இரண்டும் வேண்டும் என்றால் கிறிஸ்துமஸ் என்று சொல்ல வேண்டும். ஜூலை மாதத்தில் நான் அப்படிச் சொன்னதைக் கேட்ட என் மாமனார், பரிமாறிய பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கினார். அவரும் மறுவாழ்த்துச் சொன்னார். இன்றுவரை இருவருக்கும் நடந்தது என்னவென்று தெரியாது. இது அமெரிக்காவின் ஒரு மாநிலம் என்பதே நாட்டில் பலருக்கு மறந்துபோவதால், எங்கள் வண்டி எண் தகட்டில் மாநிலப் பெயரோடு யுஎஸ்ஏ என்றும் அச்சடிக்கிறார்கள். நான் பரிசுப் பொருள் வாங்க முயன்ற கடை ஒன்று, வெளிநாடுகளுக்கு அனுப்புவதில்லை என்று வருத்தம் தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது.

ஆனால் என்னைக் கேட்டால், விருந்தினரை அழைக்கத் தகுந்த மாதம் அக்டோபர்தான். 1972இல் ஓர் அங்காடியின் வாகன நிறுத்துமிடத்தில் 13 பலூன்களோடு தொடங்கிய வெப்பக்காற்று பலூன் விழாவில் இப்போது ஏறத்தாழ 500 பலூன்கள் பறக்கின்றன. விடியற்காலையில் தாழ்வான காற்று தெற்கு நோக்கியும், அதற்கு மேலே உள்ள காற்று வடக்கு நோக்கியும் வீசும் நாட்களில், ஓட்டுநர்கள் ஏறி இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். காற்று ஒத்துழைக்காத நாட்களில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே இறங்குவார்கள்.

என் தம்பி பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தான். நேர மாற்றத்தால் தூக்கம் வராமல், கைலியும் பனியனுமாக, காப்பி டம்ளரோடு கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருந்தான். தெரு நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன. தலைக்கு மேலே நெருப்பு சீறும் ஓசை கேட்டது. வீட்டுக் கூரையை ஒட்டி ஒரு பெரிய தேனீ வடிவ பலூன் தாழ்ந்து வந்தது. கூடையிலிருந்தவர் குனிந்து, காலை வணக்கம் சொல்லி, பின்னாலுள்ள காலி மனை உங்களுடையதா, இறங்கலாமா என்று கேட்டார். தம்பி எந்தத் தயக்கமும் இல்லாமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க" என்று தமிழிலேயே சொல்லி, லாரியைப் பின்னால் எடுக்க உதவுகிறவன் கையைக் காட்டுகிற விதத்தில் கையசைத்து அவரை இறக்கிவிட்டான். அந்த மனை எங்களுடையது அல்ல.

சாண்ட்லர்வாசி எழுதியது:

அக்கா பலூனோடு நிறுத்திக்கொண்டது நல்லதாயிற்று. அடுத்து ஆல்புகர்க்கி நெடுஞ்சாலையோரத்தில் உருளும் முட்செடிகளால் செய்து நிறுத்தும் பனிமனிதனைக் கொண்டுவந்து பெருமை பேசுவார் என்று எதிர்பார்த்தேன். எங்கள் சாண்ட்லரில் 1957 முதல் ஆண்டுதோறும் அதே டம்பிள்வீட் செடிகளைக் கூம்பாக அடுக்கி, வெள்ளை வண்ணம் அடித்து, மின்விளக்குச் சுற்றி, கிறிஸ்துமஸ் மரம் செய்கிறோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். என் மகன் அதைக் காட்டியபோது என் மாமியார், "இதை நம் ஊரில் வேலிக்குப் போடுவோமே" என்றார்.

ஆல்புகர்க்கி அக்கா எழுதியது:

எங்கள் பனிமனிதன் 1995இல் தொடங்கியவன்தான். வயதில் இளையவன் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவனைச் செய்வது வெள்ளக் கால்வாய்களைப் பராமரிக்கும் அரசு அமைப்பு. கால்வாயை அடைக்கும் செடிகளை அகற்றும் வேலையில் கிடைத்ததைக் கொண்டே செய்கிறார்கள். பாலைவனத்துக்கே உரியது என்று நாம் இருவரும் பெருமை பேசும் இந்தச் செடி, 1870களில் ரஷ்யாவிலிருந்து ஆளி விதையோடு கலந்து தெற்கு டகோட்டாவுக்கு வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் நம்மைப் போலவே குடியேறியதுதான். விசா மட்டும் வாங்கவில்லை.

லாஸ் குரூசஸ் மாணவி எழுதியது:

விசா வேறு இழை என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறது, அக்கா!

என் பாட்டி தூத்துக்குடிக்காரர். பட்டமளிப்புக்காக வந்தவரை ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். போகும் வழியில் சாலையை மூடியிருந்தார்கள். பக்கத்திலுள்ள ராணுவ மைதானத்தில் ஏவுகணைச் சோதனை நடக்கும் நாட்களில், ஓரிரு மணி நேரம் இப்படி நெடுஞ்சாலையையே நிறுத்திவைப்பார்கள். எல்லோரும் எரிச்சலோடு உட்கார்ந்திருக்க, பாட்டி மட்டும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, முன்னால் நின்ற வண்டிக்காரருக்கும் ஒரு தட்டு கொடுத்தனுப்பினார்.

உள்ளே போனதும் கண்ணுக்கெட்டியவரை வெள்ளைக் குவியல்கள். பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை பெரிய உப்பளம் யாருடையது? வாரி மூடி வைக்காமல் மழையில் நனையவிட்டிருக்கிறார்களே" என்றார். இது உப்பு அல்ல, ஜிப்சம் மணல் என்று சொன்னேன். அவர் நம்பாமல் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "கலப்படம்" என்று சொல்லித் துப்பினார். சுடுமணலில் நடப்பதற்காக இரண்டு ஜோடிக் காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து வந்திருந்தார். ஜிப்சம் வெயிலை அதிகம் உள்வாங்குவதில்லை, கோடையிலும் வெறுங்காலோடு நடக்கலாம் என்று காட்டியதும், அவற்றைக் கழற்றியவர் கழற்றியவர்தான். குழந்தைகள் வட்டமான பிளாஸ்டிக் தட்டில் மெழுகு தேய்த்து மணல்மேட்டிலிருந்து சறுக்குவதைப் பார்த்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவரும் ஒரு தட்டில் உட்கார்ந்துவிட்டார். கீழே போய்ச் சேரும்வரை முருகன் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுபடியும் தானாகவே மேலேறி வந்து, தட்டுக்கு மெழுகு போதவில்லை என்று குறை சொன்னார்.

மேசா முணுமுணுப்பு எழுதியது:

தங்கையே, உங்கள் பாட்டி என் கட்சி.

ஆறுகளையும் யாரோ ஒருவர் எழுத வேண்டும் அல்லவா? டூசானுக்குப் போகும்போது பெரிய பெரிய பாலங்கள் வரும்; ஆற்றின் பெயர் எழுதிய பலகையும் இருக்கும்; கீழே மணல்தான் இருக்கும். இதுவரை வந்த விருந்தினரில், "தண்ணீர் எங்கே?" என்று கேட்காதவர் மதுரையிலிருந்து வந்த என் பெரியப்பா ஒருவரே. வைகையைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் பலகையைப் படித்து, மணலைப் பார்த்து, தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அதே பெரியப்பாதான் ஜூலை மாத மழைக்குப் பிறகு, வறண்ட ஓடை ஒன்று சாலைமேல் பாய்ந்துகொண்டிருந்தபோது, தடுப்பைச் சுற்றிக்கொண்டு வண்டியை விடப் பார்த்த என் தம்பியைத் தடுத்தவர். அப்படி விட்டு மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை ஓட்டியவரிடமே வசூலிக்கும் சட்டம் 1995 முதல் அரிசோனாவில் இருக்கிறது. மக்கள் அதை முட்டாள் ஓட்டுநர் சட்டம் என்றே அழைக்கிறார்கள். பெரியப்பா அந்தப் பெயரைக் கேட்டு மகிழ்ந்து, ஊரிலுள்ள உறவினர் சிலருடைய பெயர்களையும் சொல்லி, இந்தச் சட்டம் அங்கும் வர வேண்டும் என்றார்.

தண்ணீர் இல்லாத பாலத்துக்கு உச்சம், லேக் ஹவாசு சிட்டியில் இருக்கும் லண்டன் பாலம். மெக்கல்லக் என்னும் தொழிலதிபர் 1968இல் அதை 24,60,000 டாலருக்கு லண்டன் மாநகரத்திடம் வாங்கி, கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து, தரைமேலே கட்டி, அதற்குப் பிறகு அடியில் கால்வாய் வெட்டித் தண்ணீர் விட்டார். 1971இல் திறப்பு விழா. பெரியப்பா பாலத்தை இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டு, "பாலத்தை முதலில் கட்டிவிட்டு ஆற்றைப் பிறகு வரவழைத்திருக்கிறான். நம் ஒப்பந்தக்காரர்கள் பாலத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்" என்றார்.

ஃபிளாக்ஸ்டாஃப் பைன் எழுதியது:

கல்மரப் பூங்காவையும் சேர்த்துவிடுகிறேன். இருபது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கும் அந்தத் தேசியப் பூங்காவிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்துப் போனவர்கள் பின்னாளில் வேலை போயிற்று, மணமுறிவு ஆயிற்று, நாய் செத்துவிட்டது என்றெல்லாம் புலம்பி, மன்னிப்புக் கடிதத்தோடு கல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தக் கடிதங்களில் சிலவற்றை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியாமல் திரும்பவும் இட முடியாததால், வந்த கற்களைத் தனியே குவித்துவைத்து அதற்கு மனசாட்சிக் குவியல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். என் மாமியார் ஒவ்வொரு கடிதத்தையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். பிறகு காருக்குத் திரும்பி, எங்கள் எல்லோருடைய பைகளையும், குழந்தையின் பால்புட்டிப் பை உட்பட, தலைகீழாகக் கவிழ்த்துச் சோதனையிட்டார். செருப்பில் ஒட்டியிருந்த மண்ணையும் தட்டச் சொன்னார்.

வெளியே ஹோல்புருக்கில் தனியார் நிலத்தில் எடுத்த கல்மரத்தை முறைப்படி விற்கிறார்கள். மாமனார் அங்கே ஒரு சிறு துண்டு வாங்கினார். அதற்கான ரசீதை மாமியார் பிளாஸ்டிக் உறையிலிட்டு, பூஜையறையில் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். சாமி கேட்டால் காட்ட வேண்டுமாம்.

கில்பர்ட் புதுமுகம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் குடிவந்து சில மாதங்களே ஆகின்றன. என் பெற்றோர் ஜூன் மாதத்தில் கும்பகோணத்திலிருந்து வருகிறார்கள். கட்டணம் குறைவாக இருந்ததால் சீட்டு எடுத்தாயிற்று, இனி மாற்ற முடியாது. கிராண்ட் கேன்யனில் தென்விளிம்பில் ஓர் இரவு தங்க இடம் கிடைத்திருக்கிறது. அப்பா கம்பளி உடை தேவைப்படுமா என்று கேட்கிறார். பாலைவனத்துக்கு ஜூனில் வருகிறவர் ஸ்வெட்டர் கொண்டுவரலாமா என்று கேட்பதை நான் சிரித்து ஒதுக்கிவிட்டேன். இந்த இழையைப் படித்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது. பெரியவர்கள் சொல்லுங்கள்.

ஃபிளாக்ஸ்டாஃப் பைன் எழுதியது:

கட்டாயம் கொண்டுவரச் சொல்லுங்கள். தென்விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூனில் பகல் இதமாக இருந்தாலும் இரவில் 10 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குவது வழக்கம். சூரிய உதயம் பார்க்க அரைக்கால் சட்டையோடு வந்து, விடுதிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கும் பீனிக்ஸ்வாசிகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கினால் மறுபடியும் சுடும். எனவே பெற்றோரை இறங்கவிடாதீர்கள். அணில்களுக்கு முறுக்கு கொடுக்கவும் விடாதீர்கள்; அவை கடிக்கும்.

மேசா முணுமுணுப்பு எழுதியது:

கேட்டவர் அப்பா, சிரித்தவர் மகன். நான் முன்பே சொன்னேன்.

கில்பர்ட் புதுமுகம் எழுதியது:

இப்போதுதான் ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள் என்றேன். அம்மா அதை எடுத்து வைத்து ஒரு வாரம் ஆகிறதாம். அதோடு அப்பாவுக்கு இரண்டு குரங்குக் குல்லாய்களும் வைத்திருக்கிறாராம். இரண்டு எதற்கு என்று கேட்டேன். ஒன்று எனக்காம்.